பழைய டிரில்லிங் மெஷினை வீட்டுப் பட்டறைக்குச் சீரமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன். இப்போது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு எனக்கென்று ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். இதுவரை ஐந்து பழைய டிரில்லிங் மெஷின்களைப் பிரித்துக் கோர்த்திருக்கிறேன். தர்மபுரி, பாலக்கோடு, பர்கூர் பக்கமிருந்து வந்து பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளுக்குத் தெரிந்த பதில்களை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

புது மெஷின் கடையில் கிடைக்கும்போது பழையதை ஏன் தேட வேண்டும்?

எடைக்காக. பழைய மெஷினில் பிட்டைச் சுற்றும் மேல்பகுதியான ஹெட், பொருளை வைக்கும் டேபிள், அடிப்பாகமான பேஸ் எல்லாம் தடித்த வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்புக்குள் இருக்கும் கிராஃபைட் துகள்கள் அதிர்வை விழுங்கிவிடும். இரும்பும் தடிப்பு என்பதால் 12 மி.மீ. பிட்டை அழுத்தும்போது டேபிள் கீழே வளையாது, ஹெட் மேலே தூக்காது. வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் மலிவான புது மெஷின்களில் ஹெட்டையும் டேபிளையும் தாங்கும் தூணான பில்லர் மெல்லிய குழாய், டேபிள் தகடு போல இருக்கும். கைப்பிடியை இழுத்து அழுத்தினால் பில்லரே பின்னால் சாய்வதைக் கண்ணால் பார்க்கலாம். அப்படிச் சாயும் மெஷினில் ஓட்டை நேராக விழாது. பணம் இருந்து நல்ல கனமான புது மெஷின் வாங்க முடிந்தால் தாராளமாக வாங்குங்கள். அந்த அளவு பணம் இல்லாமல் அந்த அளவு இரும்பு வேண்டும் என்பவர்களுக்குத்தான் பழைய மெஷின்.

நம் பக்கம் எங்கே கிடைக்கும்?

ஓசூர்தான் முதல் இடம். சிப்காட் வளாகங்களைச் சுற்றி சின்னச் சின்ன லேத் பட்டறைகள் நிறைய. ஒன்று மூடும்போதோ, கணினி இயக்கும் சிஎன்சி மெஷினுக்கு மாறும்போதோ பில்லர் டிரில்தான் முதலில் வெளியே வரும். பழைய மெஷின் கடைகளிலும் இரும்புக்கடைகளிலும் சொல்லி வையுங்கள். பேரம் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கிலோ கன்னடத்திலோ முடியும், மூன்றும் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போவது நல்லது. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாம்பழக்கூழ் தொழிற்சாலைகளின் பராமரிப்புப் பிரிவிலும் இப்படிப்பட்ட மெஷின்கள் இருக்கும். அங்கே அதிகம் ஓடியிருக்காது, ஆனால் சாறும் ஈரமும் பட்டுத் துரு பிடித்திருக்கும். அந்தத் துருவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கிரானைட் பாலீஷ் யூனிட்டிலிருந்து வரும் மெஷின் என்றால்தான் கவனமாகப் பார்ப்பேன். கல்தூள் எண்ணெயோடு சேர்ந்தால் அரைக்கும் பசை மாதிரி வேலை செய்யும். வெளியே பளிச்சென்று இருக்கும், உள்ளே ஸ்லீவும் பேரிங்கும் தேய்ந்து போயிருக்கும்.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு கண்டுபிடிக்கும் குறைக்கு மருந்து குறைவு.

கையில் ஒரு டார்ச், ஒரு சின்னக் காந்தம், காந்த ஸ்டாண்டோடு நுண்ணிய அசைவை அளக்கும் ஒரு டயல் கேஜ், ஒரு பழைய துணி இருக்கட்டும். முதலில் விரிசல் தேடுங்கள். ஹெட்டைப் பில்லரில் இறுக்கும் காது, டேபிளைப் பில்லரில் இறுக்கும் காது, பேஸின் நான்கு மூலைகள், இந்த மூன்று இடங்களில்தான் வார்ப்பு உடையும். உடைந்த இடத்தில் பட்டி போட்டுப் பெயிண்ட் அடித்து மறைப்பவர்கள் உண்டு. காந்தத்தை மேலே நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி தடிப்பாக இருக்கிறது என்று அர்த்தம், அங்கே சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஸ்லீவ். பிட்டைச் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலைச் சுமந்துகொண்டு மேலும் கீழும் இறங்கும் உருளையைத்தான் ஸ்லீவ் என்கிறோம். கைப்பிடியைச் சுற்றி அதை முழுக்கக் கீழே இறக்குங்கள். டயலின் முனையை, பிட்டைப் பிடிக்கும் சக்கின் பக்கவாட்டில் வைத்து, சக்கைக் கையால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ஊசி 0.1 மி.மீ.க்குள் ஆடினால் நல்ல மெஷின். 0.2, 0.3 என்றால் சரிசெய்யும் வசதி அந்த ஹெட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அதற்கு மேல் என்றால் எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் நான் வாங்க மாட்டேன்.

பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கரகரப்பு இருந்தால் பேரிங் போயிருக்கிறது, அது மாற்றக்கூடியது, கவலை வேண்டாம். ஆனால் ஒரே இடத்தில் இறுகி, ஒரே இடத்தில் தளர்ந்தால் ஸ்பிண்டில் வளைந்திருக்கலாம். சக்கைக் கழற்ற விட்டால், ஸ்பிண்டிலில் அது சொருகும் கூம்புத் துளையான டேப்பருக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். கீறல், மேடு, சக் சுழன்று தின்ற வளையக் கோடு ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தெரிந்துவிடும்.

புல்லியின் விளிம்பு உடைந்திருந்தால், பெல்ட் மூடி இல்லாவிட்டால், ஓட்டையின் ஆழத்தை நிறுத்தும் நட்டு காணாமல் போயிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், இவற்றைச் செய்துகொள்ளலாம். மோட்டார் எரிந்திருப்பதைக்கூட நான் குறையாக நினைப்பதில்லை. ஹெட், ஸ்லீவ், ஸ்பிண்டில் இந்த மூன்றும்தான் மெஷின். மற்றவை அதன்மேல் மாட்டியவை.

வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது?

13 மி.மீ. வரை ஓட்டை போடும், மேஜைமேல் வைக்கும் பெஞ்ச் டிரில்லை இரண்டு பேர் தூக்கலாம். 20, 25 மி.மீ. பில்லர் டிரில்லை அப்படியே தூக்க நினைக்க வேண்டாம், மேல்பாரம் அதிகம், சாய்ந்தால் ஆளை அமுக்கிவிடும். கடையிலேயே மோட்டாரைக் கழற்றுங்கள். டேபிளை உயர்த்தி ஹெட்டுக்கு அடியில் கட்டை வைத்து முட்டுக் கொடுத்துவிட்டு, செயின் பிளாக்கில் ஹெட்டைத் தனியாக இறக்குங்கள். குட்டி யானையில் ஏற்றும்போது பில்லரைப் படுக்க வைத்து இரண்டு பக்கமும் கட்டை அடித்து கட்டுங்கள்.

எந்த வரிசையில் பிரிப்பது?

பிரிக்கும் முன் எல்லாப் பக்கமும் ஃபோட்டோ எடுங்கள். மோட்டார் ஒயர் எந்த முனையில் எது என்பதைக் கட்டாயம் எடுங்கள். கழற்றிய நட்டு, வாசர், சாவிக்கட்டை எல்லாவற்றையும் பகுதி வாரியாகத் தனித்தனி டப்பாவில் போடுங்கள்.

வரிசை பெரிய விஷயமில்லை, ஒரே ஒரு இடத்தைத் தவிர. ஹெட்டின் பக்கவாட்டில் வட்டமான டப்பா ஒன்று இருக்கும். ஸ்லீவைத் திரும்ப மேலே இழுக்கும் சுருள் ஸ்பிரிங் அதற்குள்தான் இருக்கிறது. பட்டையாக, கடிகார ஸ்பிரிங் போல முறுக்கி வைத்தது. மூடியின் நட்டைச் சட்டென்று கழற்றினால் அது வெடித்துக்கொண்டு விரியும், விரல் கிழியும். தடித்த தோல் கையுறை போட்டு, கண்ணாடி போட்டு, மூடியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு நட்டைத் தளர்த்துங்கள். பிறகு மூடியைப் பிடித்த பிடி விடாமல் ஒவ்வொரு பள்ளமாகத் திருப்பி முறுக்கை இறக்குங்கள். எத்தனை சுற்று இறக்கினீர்கள் என்று எழுதி வையுங்கள், கோர்க்கும்போது அதே எண்ணிக்கை வேண்டும்.

நட்டு அசையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

முதலில் ஸ்பேனர் சரியானதா என்று பாருங்கள். பழைய இங்கிலாந்து மெஷின்களிலும், அவற்றைப் பார்த்து இங்கே செய்த மெஷின்களிலும் விட்வொர்த் திரெட் இருக்கும். அதன் திரெட் கோணம் 55 டிகிரி, மெட்ரிக்கில் 60 டிகிரி. இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறச் சட்டம் போட்டது 1956இல். ஆனால் பட்டறைகளில் விட்வொர்த் அதன் பிறகும் பல காலம் ஓடியது. மெட்ரிக் ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்துவது போல இருக்கும், இழுத்தால் நட்டின் மூலையை வழித்துவிடும். அந்த அளவு ஸ்பேனர் இரும்புக்கடையில் எடைக்கே கிடைக்கும், வாங்கி வையுங்கள். இந்தத் திரெட்டில் மெட்ரிக் போல்ட்டை வலுக்கட்டாயமாக ஏற்றவே ஏற்றாதீர்கள்.

துருவால் இறுகியிருந்தால் பெனிட்ரேட்டிங் ஆயிலை ஊற்றிவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் நட்டின் தலையில் சின்னச் சுத்தியால் நாலு தட்டு, மறுபடி எண்ணெய். மூன்று நாள் இப்படிச் செய்தால் பெரும்பாலும் இளகிவிடும். அவசரப்படும் இடத்தில்தான் வார்ப்பு உடைகிறது. என் இரண்டாவது மெஷினில் டேபிள் காது பில்லரோடு பிடித்துக்கொண்டது. இளக்குவதற்காகப் பிளவில் உளி அடித்து விரித்தேன். ஒரே அடியில் காது பிளந்தது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும் என்பது தெரிந்திருந்தும் செய்த தவறு. அந்தக் காதை முன்சூடு காட்டி, நிக்கல் ராடில் வெல்டிங் வைத்து, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டு எடுத்தோம். இன்றும் நிற்கிறது. ஆனால் அந்தப் போல்ட்டை இறுக்கும்போதெல்லாம் கை தானாக மெதுவாகிறது.

துருவை எப்படி எடுப்பது?

ஒவ்வொரு பாகத்துக்கும் ஒவ்வொரு வழி.

பேஸ், டேபிள் தாங்கி, கைப்பிடி, போல்ட் போன்றவற்றுக்கு நான் மின்சாரத் தொட்டியைத்தான் நம்புகிறேன். ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், 5 லிட்டருக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா. துருப்பிடித்த பாகத்துக்கு 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸ், வீணான சாதாரண இரும்புத் தகட்டுக்குப் பிளஸ். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஒரு ராத்திரி விட்டால் துரு கறுப்புக் கசடாக மாறும், பிரஷ் போட்டால் வந்துவிடும். நல்ல இரும்பை இது தின்னாது என்பதுதான் இதன் சிறப்பு. மூன்று எச்சரிக்கை: பிளஸ் பக்கம் ஸ்டெயின்லெஸ் தகடு போடாதீர்கள், விஷமான குரோமியம் உப்பு தண்ணீரில் இறங்கும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பு போடாதீர்கள், குளோரின் வரும். தொட்டியிலிருந்து வரும் குமிழியில் ஹைட்ரஜன் இருக்கிறது, அதனால் திறந்த வெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி, தீப்பொறி எதுவும் வேண்டாம்.

பில்லர், டேபிள் மேற்பரப்பு, ஸ்லீவ் மாதிரி அளவாகத் தேய்த்த பரப்புகளுக்குத் தொட்டியும் வேண்டாம், ஆங்கிள் கிரைண்டரும் வேண்டாம். மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஊறவிட்டு, பழைய பிளேடைப் படுக்க வைத்துச் சுரண்டுங்கள். பிறகு 400 நம்பர் வாட்டர் பேப்பரில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போதும். கறுப்புத் தழும்பு மிச்சம் இருந்தால் இருக்கட்டும். அது பள்ளம், அதனால் வேலைக்குக் குறைவில்லை. மேடு மட்டும்தான் இருக்கக்கூடாது. தழும்பு போகும் வரை தேய்த்தால் பில்லரின் உருண்டை கெடும்.

ஸ்பிரிங்கை ஆசிடில் போடாதீர்கள். கடினமாக்கிய எஃகுக்குள் ஹைட்ரஜன் ஏறினால் கண்ணாடி போல முறியும். மின்தொட்டிக்கும் அதே காரணத்தால் ஸ்பிரிங்கை அனுப்ப வேண்டாம், கையால் துடைத்தால் போதும்.

பித்தளைப் பெயர்த் தகட்டுக்கு வீட்டில் குடம் துலக்கும் புளியே நல்ல மருந்து. மெல்லத் தேய்த்து உடனே கழுவுங்கள். பஃபிங் வீலில் பிடித்துவிடாதீர்கள், எழுத்தைச் சுற்றி நிரப்பியிருக்கும் பெயிண்ட் போய்விடும்.

துரு நீக்கிய இரும்பு மறுபடி துருப்பிடிக்க ஒரு மணி நேரம் போதும், மழைக்காலத்தில் ஓசூர் பக்கம் அதுவும் வேண்டாம். துடைத்து, வெயிலில் சூடேற்றி, சூடு ஆறும் முன் எண்ணெய் தடவுங்கள்.

பேரிங் என்ன நம்பர் என்று எப்படித் தெரியும்? யார் போடுவது?

நம்பர் பேரிங்கின் ஓரத்திலேயே வெட்டியிருக்கும். அழிந்திருந்தால் வெர்னியரில் அளந்துகொள்ளலாம். கடைசி இரண்டு எண் 04 அல்லது அதற்கு மேல் என்றால் 5ஆல் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும். 6204 என்றால் 20 மி.மீ. துளை, 47 மி.மீ. வெளிவிட்டம், 14 மி.மீ. அகலம். 6203க்கு இந்தக் கணக்கு செல்லாது, அதற்கு 17 மி.மீ. துளை, 40 வெளிவிட்டம், 12 அகலம். ஸ்பிண்டிலின் அடியில் சில மெஷின்களில் தட்டையான திரஸ்ட் பேரிங் இருக்கும், அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் மாற்றாதீர்கள். கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் பம்ப்செட், டிராக்டர் சாமான் விற்கும் கடைகளில் இந்த அளவுகள் சாதாரணமாகக் கிடைக்கும். பழைய பேரிங்கைக் கையிலேயே கொண்டுபோங்கள்.

பேரிங் விஷயத்தில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். மொத்தச் செலவில் இது சின்னப் பகுதி, ஓட்டை நேராக விழுவதற்குப் பெரிய பகுதி.

போடும் முறைதான் முக்கியம். பேரிங்கை ஸ்பிண்டிலில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்துங்கள், கூட்டுக்குள் இறக்கும்போது வெளிவளையத்தில் மட்டும். தவறான வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் பள்ளம் போடும். என் முதல் மெஷினில் அப்படித்தான் புதுப் பேரிங்கை வெளிவளையத்தில் தட்டி ஏற்றினேன். பத்து நாளில் ‘கொர்’ என்று சத்தம் வர ஆரம்பித்தது, மறுபடி வாங்கிப் போட்டேன். இப்போதெல்லாம் ஸ்பிண்டிலை ஒரு ராத்திரி பிரிட்ஜின் ஃப்ரீசரில் வைக்கிறேன். பேரிங்கை எண்ணெயில் 80 முதல் 100 டிகிரி வரை சூடாக்குகிறேன், அதற்கு மேல் போவதில்லை. தானாக வழுக்கிக்கொண்டு உட்காரும். ஆனால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடிய, உள்ளே கிரீஸ் அடைத்து வரும் பேரிங்குகளை எண்ணெயில் போடக்கூடாது. அவற்றுக்கு அளவான குழாய் ஒன்றை உள்வளையத்தில் வைத்து, வைஸில் மெதுவாக அழுத்துவதே வழி.

சக் கழன்று விழுகிறது. சக்கை மாற்ற வேண்டுமா?

அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். முதலில் டேப்பரைப் பாருங்கள்.

வீட்டுப் பட்டறைக்கு வரும் மெஷின்களில் பெரும்பாலும் மோர்ஸ் டேப்பர் 2 இருக்கும். வாய்ப்பக்கம் 17.78 மி.மீ., ஏறக்குறைய 20க்கு 1 என்று குறுகிக்கொண்டே போகும். சாவி, பூட்டு எதுவும் கிடையாது, உரசலே பிடிக்கிறது. அதனால் உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் இருந்தாலும், ஒரு மேடு இருந்தாலும் பிடிக்காது. ஸ்லீவில் நீள்சதுரத் துளை இருக்கும். ஸ்பிண்டிலின் துளையையும் அதற்கு நேராகக் கொண்டுவந்து டிரிஃப்ட் என்ற ஆப்பை விட்டுத் தட்டினால், சக் அதன் கூம்புத் தண்டான ஆர்பரோடு கீழே வரும். டேபிளில் ஒரு பலகை போட்டுக்கொள்ளுங்கள், சக் விழுந்து டேபிளில் பள்ளம் விழுவது நிறைய நடக்கிறது.

உள்ளே வெறும் துணியால் சுத்தமாகத் துடைத்து, மேடு இருந்தால் துளையை மெல்லச் சீவும் மோர்ஸ் டேப்பர் ரீமரைக் கையால் இரண்டு சுற்று சுற்றி எடுங்கள். இரண்டே சுற்று. பள்ளம் மறையும் வரை சுற்றினால் துளை பெரிதாகும். ஆர்பரில் நீல மை தடவி உள்ளே விட்டு எடுத்தால் எங்கே தொடுகிறது என்று தெரியும். நீளத்தில் முக்கால் பாகம் தொட்டால் போதும். பிறகு சக்கின் தாடைகளை முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டு, மரச்சுத்தியால் அடியிலிருந்து ஒரு தட்டு.

இத்தனையும் செய்த பிறகு டயலில் பாருங்கள். ஸ்பிண்டிலின் டேப்பருக்குள் 0.02 மி.மீ., சக்கில் பிடித்த நேரான கம்பியில் 0.1 மி.மீ.க்குள் விலகல் இருந்தால் வீட்டு வேலைக்கு அருமை. டேப்பரில் சரியாக இருந்து சக்கில் மட்டும் கூடினால் அப்போது சக்கை மாற்றுங்கள்.

ஸ்லீவில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது. சரிசெய்ய முடியுமா?

ஹெட்டில் ஸ்லீவ் ஓடும் துளைக்குப் பிளவு வைத்து, அதைச் சுருக்கும் போல்ட் கொடுத்திருந்தால் முடியும். கால் சுற்று கால் சுற்றாக இறுக்கி, ஸ்லீவ் வழுக்கும் அளவில் நிறுத்துங்கள். அந்த வசதி இல்லாத ஹெட்டில் துளையைப் பெரிதாகக் குடைந்து (போரிங்), உள்ளே புஷ் என்ற வளையம் போட வேண்டும். அது பெரிய போரிங் மெஷினில் செய்ய வேண்டிய வேலை, மெஷினின் விலையைத் தாண்டும். அப்படிப்பட்ட மெஷின் ஏற்கெனவே கையில் இருந்தால் டேபிளை உயர்த்தி வையுங்கள், ஸ்லீவ் வெளியே குறைவாக வரும்போது ஆட்டமும் குறைவு.

டேபிளில் பழைய ஓட்டைகள் நிறைய. அடைக்கலாமா?

அடைக்கலாம், ஆனால் வெல்டிங் வைக்காதீர்கள், டேபிள் முறுக்கிக்கொள்ளும். ஓட்டையை வட்டமாக ரீம் செய்து, வார்ப்பிரும்புத் துண்டை லேத்தில் அளவாகக் கடைந்து, இறுக்கமாக அடித்து, மேலே ராவி விடுங்கள். உலோகம் கலந்த எபாக்ஸியால் அடைத்தாலும் பார்க்க நன்றாகவே இருக்கும். எனக்கு ஓட்டைகள் கண்ணை உறுத்துவதில்லை, என் டேபிளில் ஏழெட்டு அப்படியே இருக்கின்றன. கிளாம்ப் போல்ட் விட வசதி.

அதைவிடச் செங்குத்துதான் பார்க்க வேண்டியது. ஒரு 8 மி.மீ. கம்பியை எல் வடிவில் வளைத்துச் சக்கில் பிடியுங்கள். வெளிமுனையில் டயலைக் கட்டி, ஸ்பிண்டிலைக் கையால் சுற்றி, டேபிளின் நான்கு பக்கமும் ஊசி என்ன காட்டுகிறது என்று குறியுங்கள். இடது வலது வித்தியாசத்தை டேபிளைச் சாய்த்துச் சரிசெய்யலாம். முன் பின் வித்தியாசம் இருந்தால் டேபிளுக்கும் தாங்கிக்கும் இடையில் மெல்லிய பித்தளைத் தகடு வைக்க வேண்டும். 300 மி.மீ. வட்டத்தில் 0.1 மி.மீ.க்கு வந்ததும் நான் நிறுத்திவிடுவேன்.

சின்னப் பாகங்களைத் தட்டையாக்க நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் பாலீஷ் செய்த கிரானைட்டின் வெட்டுத் துண்டு சுலபமாகக் கிடைக்கும். தடித்த துண்டாக ஒன்றை வாங்கி, மேலே எமரி ஷீட்டை ஒட்டி, பாகத்தை எட்டு வடிவில் தேய்த்தால் போதும். அளவுக் கருவியாக விற்கும் சர்ஃபேஸ் பிளேட் அளவுக்கு அது துல்லியம் கிடையாது, ஆனால் கண்ணாடித் துண்டைவிட உறுதியாக இருக்கும்.

மெஷினில் மூன்று ஃபேஸ் மோட்டார் இருக்கிறது. வீட்டில் ஒரு ஃபேஸ்தான். என்ன வழி?

மூன்று வழி உண்டு.

எளியது, 1440 ஆர்.பி.எம். ஒரு ஃபேஸ் மோட்டார் ஒன்று வாங்கி மாட்டுவது. 13 மி.மீ. மெஷினுக்கு அரை ஹெச்.பி., 20 மி.மீ. மெஷினுக்கு 1 ஹெச்.பி. பழைய மோட்டாரின் கால் துளையும் தண்டு விட்டமும் அளந்து எடுத்துப் போங்கள்.

இரண்டாவது, விஎஃப்டி என்ற, மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுப் பெட்டி. ஒரு ஃபேஸ் 230 வோல்ட் உள்ளே போய், மூன்று ஃபேஸ் 230 வோல்ட் வெளியே வரும். மோட்டாரின் பெட்டியைத் திறந்து ஆறு முனை வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். சின்ன மோட்டார்கள் 415 வோல்ட்டுக்குச் சுருள்களை ஸ்டார் என்ற இணைப்பில் கட்டியிருக்கும், ஆறு முனை இருந்தால் டெல்டா இணைப்பாக மாற்றி 230இல் ஓட்டலாம். மூன்று முனைதான் என்றால் ரீவைண்டிங் கடைக்காரரிடம் உள்ளே ஸ்டார் முடிச்சைப் பிரித்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள். விஎஃப்டியின் பெரிய லாபம், பெல்ட் மாற்றாமலே வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் பாதி வேகத்தில் மோட்டாரின் விசிறியும் பாதி வேகம்தான், நீண்ட நேரம் ஓட்டினால் சூடேறும். ஒரு ஃபேஸ் கெப்பாசிட்டர் மோட்டாரை விஎஃப்டியில் மாட்டாதீர்கள்.

மூன்றாவது, மின்வாரியத்தில் மூன்று ஃபேஸ் இணைப்புக்கு எழுதிக் கொடுப்பது. பெண்ணாகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டார், “கிணற்று மோட்டார் கொட்டகையில் மூன்று ஃபேஸ் இருக்கே அண்ணா, அதிலிருந்து இழுத்துக்கலாமா?” வேண்டாம் தம்பி. விவசாய இணைப்பு தண்ணீர் இறைக்கத்தான், பட்டறைக்கு எடுத்தால் விதிமீறல், இணைப்புக்கே ஆபத்து.

பழைய மோட்டாரையே ஓட்டுவதாக இருந்தால் முதலில் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 500 வோல்ட்டில் ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் வெயிலில் காயவைத்து மறுபடி பார்க்க வேண்டும். ஒரு ஃபேஸ் மோட்டார் ‘ம்ம்’ என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால், கையால் ஒரு தள்ளு தள்ளியதும் ஓடினால், பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும் அல்லது உள்ளே இருக்கும் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச் ஒட்டாமல் இருக்கும். கெப்பாசிட்டரைத் தொடும் முன் அதன் மின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

எர்த் இல்லாமல் இந்த மெஷினை ஓட்டக்கூடாது. உடம்பு முழுக்க இரும்பு, நிற்பது மண்தரை. மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போட்டுவிடுங்கள். கரண்ட் போய் வந்தால் தானாக மெஷின் ஓட ஆரம்பிக்காதபடி, பச்சை சிவப்புப் பட்டன் உள்ள ஸ்டார்ட்டரும் வேண்டும். நம் கிராமங்களில் மின்சாரம் போய் வருவதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெல்ட்டும் வேகமும் எப்படிக் கணக்கிடுவது?

ஏ செக்ஷன் பெல்ட்டின் மேல் அகலம் 13 மி.மீ., பி செக்ஷனுக்கு 17. பெல்ட் மேல் ஏ-42 என்று எழுதியிருந்தால் உள்சுற்று 42 அங்குலம். பல ஆண்டுகள் ஒரே நிலையில் கிடந்த பெல்ட் வளைந்து இறுகிப் போயிருக்கும், ஓட்டினால் மெஷினே குலுங்கும். பேரிங் போய்விட்டது என்று நினைக்கும் முன் பெல்ட்டை மாற்றிப் பாருங்கள்.

வேகத்துக்கு: மோட்டார் வேகத்தை மோட்டார் புல்லியின் விட்டத்தால் பெருக்கி, ஸ்பிண்டில் புல்லியின் விட்டத்தால் வகுக்க வேண்டும். என் மெஷினில் 60, 80, 100, 120 மி.மீ. என்று நாலு படி, எதிர்ப்புறம் தலைகீழாக. 1440இல் ஓடும்போது 720, 1152, 1800, 2880 கிடைக்கிறது. சாதாரண இரும்பில் ஹெச்எஸ்எஸ் (ஹைஸ்பீட் ஸ்டீல்) பிட் நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டுவேகம் தாங்கும். அப்படிப் பார்த்தால் 6 மி.மீ. பிட்டுக்கு 1300, 10 மி.மீ.க்கு 800, 20 மி.மீ.க்கு 400 ஆர்.பி.எம். அளவில் ஓட்டலாம். ஸ்டெயின்லெஸ் என்றால் இதில் பாதிக்கும் கீழே, அலுமினியத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல். பிட் நீலமாகிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, பெல்ட் எந்தப் படியில் இருக்கிறது என்பதைத்தான். வாங்கிய நாளிலிருந்து மூடியைத் திறந்ததே இல்லை என்பார்கள்.

பெயிண்ட்?

கடைசியில். மெஷின் ஓடி, டயலில் சரியென்று தெரிந்த பிறகு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், இந்தியாவில் வீட்டுப் பெயிண்டுக்கே 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்ந்த நிலையில் கிரைண்டர் வைத்துத் தூள் கிளப்பாதீர்கள், பிள்ளைகள் விளையாடும் இடத்தில் வேண்டவே வேண்டாம். பெயிண்ட் ரிமூவர் தடவிச் சுரண்டுங்கள். அப்புறம் ரெட் ஆக்சைடு ஒரு கோட், எனாமல் இரண்டு கோட். தேய்த்த பரப்புகளை டேப் ஒட்டி மூடிவிட்டு அடியுங்கள்.

இந்த மெஷினில் கிரானைட்டில் ஓட்டை போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். வைர கோர் பிட்டும் தண்ணீரும் வைத்தால் ஓட்டை விழும்தான். ஆனால் அந்தக் கல்சேறு ஸ்லீவுக்குள் ஏறும், நீங்கள் இரண்டு மாதம் உட்கார்ந்து சரிசெய்த பரப்பை இரண்டு நாளில் தின்னும். கல்லுக்குக் கை மெஷின் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மரத்துக்கு இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், தூளை அன்றன்றே துடைத்தால் போதும்.

ஓட்டும்போது எதில் கவனம் வேண்டும்?

பிரிக்கும்போது கையுறை வேண்டும் என்றேன், ஓட்டும்போது கையுறை கூடவே கூடாது. சுற்றும் பிட் நூலைப் பிடித்தால் விரலோடு இழுக்கும். தோளில் துண்டு, அவிழ்ந்த லுங்கி, முழுக்கைச் சட்டை, வளையல், பின்னாத கூந்தல் எதுவும் பக்கத்தில் வேண்டாம். தகட்டைக் கையால் பிடித்து ஓட்டை போடாதீர்கள். பிட் மறுபக்கம் வெளிவரும் அந்த நொடியில்தான் தகடு கடித்துக்கொண்டு கத்தி போலச் சுற்றும். வைஸிலோ கிளாம்பிலோ பிடித்துப் போடுங்கள். சுருளைப் பிரஷ்ஷால் தள்ளுங்கள். சக் சாவியைக் கையில் இருந்து விடுவதே சக்கிலிருந்து எடுத்த பிறகுதான் என்று பழகுங்கள். பிள்ளைகள் வந்து போகும் கொட்டகை என்றால் மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போடுங்கள்.

எவ்வளவு நாள் ஆகும்?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்கார்ந்தால் எனக்கு இரண்டு, மூன்று மாதம். அதில் துருவுக்கும் பெயிண்டுக்கும் பாதி போகும். செலவில் பேரிங், பெல்ட், மோட்டார் இந்த மூன்றும்தான் பெரிது, லேத் வேலைக்கு ஒன்றிரண்டு நாள் கூலி. முடிந்ததும் முதல் ஓட்டையை ஒரு கனமான இரும்புக் கட்டையில் போட்டு, அதில் நேரான கம்பி ஒன்றை நிறுத்தி, மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை பில்லரையும் டேபிளையும் எண்ணெய்த் துணியால் துடைப்பது, பல் வெட்டிய ரேக் பட்டையில் கொஞ்சம் கிரீஸ். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை.